பொதியும் சுதந்திரமும்: உபுண்டுவின் ஸ்நாப் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

1

மென்பொருள் பற்றிய விமரிசனம் பெரும்பாலும் அதன் பயன்பாடு பற்றியதாகவே அமைந்துவிடுகின்றது. விரைவாக இயங்குகின்றதா, கையாள எளிதா, இலவசமாகக் கிடைக்கின்றதா என்னும் வினாக்களோடு ஆய்வு நின்றுவிடுகின்றது. அம்மென்பொருள் எவ்வழியாகப் பயனாளரை வந்தடைகின்றது, அவ்வழியை நிருணயிப்பவர் யார், அதனை மாற்றும் உரிமை எவரிடம் உள்ளது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று பாதிப்பன என்பதை நீண்ட விவாதத்தின் பின் ஏற்றுக்கொண்ட தமிழ் விமரிசன உலகிற்கு, ஒரு பொருள் வந்தடையும் உருவமே அதன் தன்மையை மாற்றவல்லது என்ற கருத்து புதியதன்று. கணினி உலகில் அக்கருத்து எத்துணை உண்மையானது என்பதை, உபுண்டு என்னும் லினக்ஸ் விநியோகத்தில் 2016 இன் பின் நிகழ்ந்தவை தெளிவாகக் காட்டுகின்றன.

லினக்ஸ் என்பது, கண்டிப்பாக நோக்கின், ஒரு பணிசெயல் முறைமையின் கரு மாத்திரமே. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் அதனை வெளியிட்டார். அக்கருவைச் சூழ வேண்டிய கருவிகள் பல, 1983 இல் றிச்சாட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் வழியே ஏற்கெனவே உருவாகியிருந்தன. 1992 இல் லினக்ஸ் கருவும் குனூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. எவரும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் பயிலலாம், மாற்றலாம், பிறரோடு பகிரலாம் என்பனவே அவ்வுரிமம் உறுதிசெய்யும் சுதந்திரங்களாகும்.

ஆயின் மூலநிரலாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஆக்கங்களைச் சாதாரண மனிதர் ஒருவர் தாமே ஒன்றுகூட்டி இயங்கச் செய்தல் இயலாத காரியம். அவற்றைச் சேகரித்து, இயங்குநிலைக்குக் கொணர்ந்து, ஒன்றோடொன்று முரண்படாதவாறு சோதித்து, பொதிகளாகக் கட்டி, களஞ்சியத்தில் வைத்து வழங்கும் பணியை மேற்கொள்பவையே விநியோகங்கள். சிதறிக் கிடக்கும் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தேர்ந்து நூலாக்கித் தரும் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தும். பதிப்பாசிரியரிடம் வாசகர் வைக்கும் நம்பிக்கை எத்தகையதோ, அத்தகையதே விநியோகத்திடம் பயனாளர் வைக்கும் நம்பிக்கையும். அந்நம்பிக்கை எவ்வாறு பெறப்பட்டது, எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படுவது.

2

1993 இல் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியன், இத்தகைய விநியோகங்களுள் முதன்மையான ஒன்று. தொண்டர்களின் கூட்டுழைப்பால் இயங்குவது. 1997 இல் அது ஏற்றுக்கொண்ட ‘சமூக ஒப்பந்தம்’ பயனாளரின் நலனுக்கும் கட்டற்ற மென்பொருளுக்குமே முதலிடம் அளிப்பதாக எழுத்தில் உறுதிகூறிற்று. தலைவரை ஆண்டுதோறும் அதன் உறுப்பினர் வாக்களித்துத் தெரிவுசெய்கின்றனர். பெருங் கருத்து வேறுபாடுகளும் பொதுத் தீர்மானமாக வாக்கெடுப்பிற்கு விடப்படுகின்றன. டெபியனின் ‘ஆப்ற்’ என்னும் பொதி முகாமைக் கருவி, பயனாளர் ஒரு மென்பொருளின் பெயரைக் கூறிய மாத்திரத்தே அதற்கு வேண்டிய பிறவற்றையும் களஞ்சியத்திலிருந்து தேடிக் கொணர்ந்து நிறுவுவது. கேட்டது கிடைக்கும் என்னும் எளிய வாக்குறுதியே அதன் செல்வாக்கிற்கு அடிப்படை.

டெபியனின் மீது எழுந்ததே உபுண்டு. தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த் தமது செல்வத்தைக் கொண்டு நிறுவிய கனொனிக்கல் நிறுவனத்தின் ஆதரவில், 2004 ஒக்டோபரில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. மனிதம் எனப் பொருள்படும் ஆபிரிக்கச் சொல்லைப் பெயராகக் கொண்ட அவ்விநியோகம், லினக்ஸை வல்லுநர் குழாத்தினின்றும் மீட்டுச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்றது. இணையவசதி குறைந்த நாடுகளின் மாணவர்க்கும் குறுந்தட்டுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பும் திட்டம் 2011 வரை நடைபெற்றது. உபுண்டு ஆற்றிய இப்பணியை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. பின்னர் எழுந்த ஏமாற்றத்தின் ஆழத்தை விளங்கிக்கொள்வதற்கும் இவ்வரலாறு இன்றியமையாதது. நம்பிக்கை பெரிதாயிருந்தமையாலேயே மனக்கசப்பும் பெரிதாயிற்று.

அம்மனக்கசப்பு ஸ்நாப்பினால் மாத்திரம் தோன்றியதன்று. 2011 இல் யூனிற்றி என்னும் புதிய திரைமுகப்பு இயல்பிருப்பாக்கப்பட்டது. பலர் அதற்குப் பழகிக்கொண்ட பின்னர், 2017 இல் கைவிடப்பட்டது. 2012 ஒக்டோபரில் வெளிவந்த பதிப்பு, பயனாளர் தமது கணினியில் ஒரு கோப்பைத் தேடும்போது அத்தேடற்சொல்லை வெளியே அனுப்பி அமேசன் விற்பனைப் பொருள்களையும் காட்டிற்று. ஸ்ரோல்மன் அதனை உளவு மென்பொருள் எனக் கண்டித்தார். 2016 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அவ்வசதி இயல்பாக முடக்கப்பட்டது. இந்நிகழ்வுகளை இணைத்து நோக்குமிடத்து ஒரு பொதுப்பண்பு புலனாகின்றது. முடிவு மேலிருந்து வருகின்றது. கருத்துக் கேட்கப்படுவது, கேட்கப்படுமாயின், முடிவின் பின்னரேயாம்.

3

ஸ்நாப் என்பது பொதியாக்கத்தின் ஒரு புதிய முறை. மரபுவழிப்பட்ட ‘டெப்’ பொதிகள், பல மென்பொருள்களுக்கும் பொதுவான நிரற்கோப்புகளை முறைமையில் ஒருமுறை மாத்திரம் வைத்துப் பகிர்ந்துகொள்வன. ஸ்நாப் பொதியோ தனக்கு வேண்டியவற்றுட் பெரும்பாலானவற்றைத் தன்னுள்ளேயே சுமந்து வருகின்றது; எஞ்சியவற்றுக்கு ஓர் அடித்தளப் பொதியைச் சார்ந்து நிற்கின்றது. அது சுருக்கப்பட்ட கோப்புத் தொகுதியாக இருந்து, முறைமையோடு இணைக்கப்படுகின்றது. பிற மென்பொருள்களின் எல்லைக்குள் நுழையாதவாறு ஓர் அடைப்பினுள் இயங்குவது அதன் இலட்சியம். 2016 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 16.04 இலிருந்து இம்முறை கணினிகளில் இடம்பெறலாயிற்று.

ஸ்நாப்பை நிறுவி இயக்கும் மென்பொருள் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது என்பது உண்மை. ஆயின் ஸ்நாப் பொதிகளை வழங்கும் கடையின் சேவையக மூலநிரல் வெளியிடப்படவில்லை. அக்கடையும் ஒன்றே, அதனை நடத்துவது கனொனிக்கல். டெப் முறையில் எவரும் தமக்கென ஒரு களஞ்சியத்தை அமைத்து, பயனாளர் விரும்பின் அதனைச் சேர்த்துக்கொள்ளச் செய்யலாம். ஸ்நாப்பின் போட்டி முறையான பிளற்பாக்கிலும், பிளற்ஹப் என்னும் களஞ்சியம் செல்வாக்குப் பெற்றிருப்பினும், வேறு களஞ்சியங்களை இணைத்தற்கு வழியுண்டு. ஸ்நாப் அமைப்பிலோ வாயில் ஒன்றே, காவலரும் ஒருவரே. கட்டற்ற மென்பொருளைக் கட்டுப்பட்ட வாயில்வழி மாத்திரம் பெறலாம் என்னும் நிலை, உரிமத்தின் எழுத்தை மீறாவிடினும் அதன் உயிரை மீறுகின்றது.

4

புதிய முறையொன்றை அறிமுகஞ் செய்தல் குற்றமாகாது. பழைய முறையோடு அதனை அருகருகே வைத்து, எதனைத் தெரிவதென்பதைப் பயனாளரிடம் விட்டிருப்பின் பெரும் விவாதத்திற்கு இடமே இருந்திராது. நிகழ்ந்தது வேறு. 2019 இன் இறுதியில் வெளிவந்த உபுண்டு 19.10 இல் குரோமியம் உலாவியின் டெப் பொதி உள்ளீடற்ற ஒன்றாக மாற்றப்பட்டது. பயனாளர் ஆப்ற் கருவியிடம் குரோமியத்தைக் கேட்பின், அக்கருவி வெறும் ஓட்டை இறக்கி, அவ்வோட்டின் வாயிலாக ஸ்நாப்பை அழைத்து, ஸ்நாப் கடையிலிருந்து உலாவியைக் கொணர்ந்து நிறுவிற்று. 2022 ஏப்ரலில் வெளிவந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 22.04 இல் பயர்பொக்ஸ் உலாவிக்கும், 2024 இன் 24.04 இல் தண்டர்பேர்ட் அஞ்சல் மென்பொருளுக்கும் இதே கதி நேர்ந்தது.

ஸ்நாப்பினை முற்றாக நீக்கிவிட்டேன் என்று கருதும் ஒருவர், பின்னொரு நாளில் ஆப்ற் கருவி மூலம் பயர்பொக்ஸைக் கேட்டால், நீக்கிய ஸ்நாப் அவருடைய கணினிக்கு மீண்டும் வந்து சேரும். அவ்வெற்றுப் பொதிக்கு இடப்பட்ட பதிப்பெண்ணும் கவனிக்கத்தக்கது. டெபியன் மரபில் பதிப்பெண்ணின் முன் முக்காற்புள்ளியோடு ஒரு முன்னெண் இடப்பட்டால், அது ஏனைய எண்கள் அனைத்தையும் விஞ்சி நிற்கும். பயர்பொக்ஸின் வெற்றுப் பொதி அத்தகைய முன்னெண்ணைத் தாங்கியிருந்தது. எனவே வேறொரு களஞ்சியத்திலிருந்து மெய்யான உலாவியைப் பெற்றவரின் கணினியிலும், உள்ளே ஒன்றுமில்லாத அப்பொதியே ‘புதியது’ எனக் கணிக்கப்பட்டது. அதனைத் தடுக்க விரும்புபவர் முன்னுரிமைக் கோப்பொன்றைத் தாமே எழுதவேண்டியவரானார். இத்தகைய முன்னெண்ணுக்குத் தொழினுட்பக் காரணம் கூறமுடியும். எனினும் விளைவு ஒன்றே: பயனாளரின் வெளிப்படையான தெரிவைவிட வழங்குநரின் எண் வலிமை பெற்றது.

மாற்றத்தின் உடனடி விளைவுகளும் இனியனவாக இருக்கவில்லை. 22.04 வெளிவந்தபோது உலாவி முதன்முறை திறப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் பரவலான முறைப்பாட்டிற்கு உள்ளாயிற்று. பின்னர் அதனைக் குறைக்கக் கனொனிக்கல் உழைத்தமையும் குறிப்பிடப்படவேண்டும். கடவுச்சொற் காப்பகம் போன்ற வெளிக் கருவிகளோடு உலாவி தொடர்புகொள்ளும் வசதி தொடக்கத்தில் அற்றுப்போயிற்று. பயனாளரின் சொந்தக் கோப்புறையில் ‘ஸ்நாப்’ என்னும் பெயருடைய கோப்புறை ஒன்று, மறைக்கவோ இடம்மாற்றவோ இயலாதவாறு வந்து குடிகொண்டது. அதனை அகற்றுமாறு கோரும் முறைப்பாடு 2016 இலேயே பதியப்பட்டு, நீண்டகாலம் நிறைவேறாது கிடந்தது. தன்னியக்க இற்றைப்படுத்தலைக் காலவரையறையின்றி நிறுத்திவைக்கும் வசதியும் 2022 இன் இறுதியிலேயே கிடைத்தது. வரையறுத்த அளவு தரவிற்குப் பணஞ் செலுத்தி இணையத்தைப் பெறுவோருக்கு, தாம் கேளாத வேளையில் கணினி தானாகவே தரவிறக்குதல் சிறு தொல்லையன்று. புதிய கணினியும் தடையற்ற இணையமும் உடையோர் உணராத சுமை, பழைய கணினியையும் அளந்து வாங்கிய தரவையும் உடையோர்மீதே விழுகின்றது.

5

மறுதரப்பின் நியாயங்களைப் புறக்கணித்தல் விமரிசன நேர்மையாகாது. உலாவி என்பது ஓயாது மாறும் பெரும் ஆக்கம். பாதுகாப்புக் குறைபாடுகள் காணப்படுந்தோறும் புதிய பதிப்பு வெளிவருகின்றது. ஆதரவிலுள்ள ஒவ்வோர் உபுண்டு பதிப்பிற்கும் அதனைத் தனித்தனியே கட்டவேண்டும். பழைய பதிப்புகளில் உள்ள தொகுப்பிகள் புதிய உலாவியைக் கட்டப் போதாதவையாகவும் இருக்கும். ஒரே ஸ்நாப் பொதியைக் கட்டி எல்லாப் பதிப்புகளுக்கும் வழங்குதல் இவ்வுழைப்பைப் பெரிதும் குறைக்கும் எனக் கனொனிக்கல் வாதிட்டது. பயர்பொக்ஸைப் பொறுத்தவரை மொஸில்லாவின் இணக்கத்துடனேயே மாற்றம் நிகழ்ந்தது. அடைப்பினுள் இயங்கும் உலாவி, தீங்கு நேரினும் அதன் எல்லையைக் குறுக்கும் என்பதும் மறுக்கத்தக்கதன்று.

இவ்வாதங்களுள் உழைப்புப் பற்றியது வலிமை வாய்ந்தது. பொதியாக்குவோரின் உழைப்பு பயனாளரின் கண்ணுக்குப் புலனாவதில்லை. இலவசமாக வருவதை உழைப்பின்றி வருவதாகக் கருதும் மயக்கம் கட்டற்ற மென்பொருள் உலகில் ஆழ வேரூன்றியுள்ளது. ‘எனக்கு டெப் பொதியே வேண்டும்’ என வலியுறுத்துபவர், அதனை யார் கட்டுவது என்ற வினாவையும் எதிர்கொள்ளவேண்டும். ஆயினும் அவ்வாதம் ஸ்நாப்பை உருவாக்கியமையை நியாயப்படுத்துமேயன்றி, ஆப்ற் கட்டளையின் பொருளை மறைமுகமாக மாற்றியமையை நியாயப்படுத்தாது. ‘இனி டெப் பொதியைக் கட்ட இயலாது, விரும்புபவர் ஸ்நாப்பைப் பெறலாம்’ என்ற அறிவிப்போடு கட்டளை நின்றிருக்கலாம். கட்டுதல் இயலாத காரியமும் அன்று. டெபியன் தொண்டர்கள் தம் நிலையான பதிப்பிற்கு இரு உலாவிகளையும் தொடர்ந்து கட்டி வழங்கினர். 2024 ஜனவரியில் மொஸில்லாவே டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் உரிய தன் டெப் களஞ்சியத்தில் பயர்பொக்ஸின் நிலையான பதிப்பை வெளியிடத் தொடங்கியது.

பாதுகாப்பு வாதத்திற்கும் வரம்புண்டு. அடைப்பு ஒரு காவல். வாயிலிற் பரிசோதனை மற்றொரு காவல். டெபியன் களஞ்சியத்தினுட் புகும் பொதி ஒரு பராமரிப்பாளரின் கையைக் கடந்தே வரும். ஸ்நாப் கடையிலோ வெளியார் நேரடியாகப் பொதிகளைப் பதிவேற்றலாம். 2018 மே மாதத்தில், விளையாட்டு மென்பொருளொன்றினுள் மறைநாணயம் அகழும் நிரல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. 2023 இலும் 2024 இலும் போலி நாணயப் பணப்பைகள் அக்கடையில் இடம்பெற்றுப் பின் அகற்றப்பட்டன. ஒரே வாயில் இருப்பின் அது நன்கு காக்கப்பட்டதாகவேனும் இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மிகையானதன்று.

6

இந்நிலையில் பயனாளர் மேற்கொண்ட பதில்நடவடிக்கை பெரும்பாலும் வெளியேற்றமே. உபுண்டுவின் மீது கட்டப்பட்ட லினக்ஸ் மின்ற், 2020 ஜூனில் வெளியிட்ட தன் 20 ஆம் பதிப்பில், ஆப்ற் வழியாக ஸ்நாப் நுழைவதைத் தடுத்தது. மின்ற்றின் தலைவர் கிளெமென்ற் லெபெவர் அம்முடிவின் காரணங்களைப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். இதுவும் ஒருவகைத் திணிப்பன்றோ என வினவலாம். ஆயின் வேறுபாடு கவனத்திற்குரியது. தடை ஒரு சிறு எழுத்துக் கோப்பாக அமைந்தது. அதன் நோக்கம் அக்கோப்பினுள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதனை அழித்து ஸ்நாப்பைப் பெறும் வழியும் ஆவணப்படுத்தப்பட்டது. எல்லா மென்பொருளிலும் எவரேனும் ஒருவரின் தெரிவு இயல்பிருப்பாக இருந்தே தீரும். அது கண்ணுக்குத் தெரிகின்றதா, மீளப்பெறத்தக்கதா என்பனவே அதனைத் திணிப்பிலிருந்து பிரித்தறியும் அளவுகோல்கள்.

மின்ற்றுக்குச் சென்றவர் சிலர். மூலமான டெபியனுக்கே திரும்பியவர் சிலர். பெடோரா, ஆர்ச் முதலியவற்றை நாடியவர் சிலர். பொருளியலறிஞர் அல்பேர்ட் ஹிர்ஷ்மன் 1970 இல் வெளியிட்ட நூலில், சீர்கெடும் நிறுவனமொன்றை எதிர்கொள்ளும் மக்களுக்கு உள்ள வழிகளை வெளியேற்றம், குரல் என இரண்டாக வகுத்து, அவற்றிடையே விசுவாசம் வகிக்கும் இடத்தையும் ஆராய்ந்தார். அவர் காட்டிய முக்கியமான உண்மை ஒன்று இங்கு பெரிதும் பொருந்துகின்றது. வெளியேறுதல் எளிதாயிருக்கும் இடத்தில், தரத்தைக் கூர்ந்து நோக்குபவரும் உரத்துப் பேசவல்லவருமே முதலில் வெளியேறுகின்றனர். எஞ்சியிருப்போரின் குரல் அதனால் நலிவடைகின்றது.

லினக்ஸ் உலகில் வெளியேற்றத்திற்கு உரிமத் தடை எதுவுமில்லை, பணமும் வேண்டியதில்லை. அதனாலேயே அது சுதந்திரத்தின் உச்சமாகப் போற்றப்படுகின்றது. ஆயின் விநியோகம் மாறுதல் என்பது கோப்புகளைப் படியெடுத்துக் காத்தல், வன்தட்டை மீளப் பகுத்தல், அச்சுப்பொறியும் வானலை இணைப்பும் இயங்குமா எனச் சோதித்தல், தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் மீள அமைத்தல், பழகிய கட்டளைகளை மறந்து புதியன கற்றல் ஆகிய யாவற்றையும் உள்ளடக்கியது. அறிவும் ஓய்வும் உடையவருக்கு அது ஒரு வாரவிறுதிப் பொழுதுபோக்கு. ஒரே கணினியைக் குடும்பத்தார் பலர் பகிரும் வீட்டிலோ, முறைமையை அறிந்த ஆசிரியர் ஒருவரை மாத்திரம் நம்பியிருக்கும் பாடசாலையிலோ அது எளிதில் நிகழ்வதன்று. சட்டத்தில் அனைவர்க்கும் உரிய சுதந்திரம், நடைமுறையில் ஓய்வுடையோரின் சுதந்திரமாகக் குறுகுகின்றது. கனொனிக்கலின் கொள்கை யாருடைய கணினிகளை மிகுதியும் பாதிக்கின்றதோ அவர்களே வெளியேற இயலாதவர்கள். அவர்களுக்காகப் பேசக்கூடியவர்களோ வெளியேறிவிட்டவர்கள்.

வெளியேறியோர் முற்றாக விடுபட்டனர் என்றும் கூறுவதற்கில்லை. மின்ற்றின் முதன்மைப் பதிப்பு உபுண்டுவின் களஞ்சியத்தையே சார்ந்து நிற்பது. உபுண்டு ஒரு பொதியை வெறுமையாக்குந்தோறும், அதனை மீளக் கட்டும் சுமை மின்ற்றின் சிறு குழுவினர்மீது விழுகின்றது. டெபியனையே நேரடி அடித்தளமாகக் கொண்ட மற்றொரு பதிப்பையும் மின்ற் பேணிவருவது இவ்வச்சத்தை உணர்ந்தமையாலேயாம். வேறிடத்து நிலைமையும் இதனின் வேறன்று. 2020 டிசெம்பரில் றெட் ஹாற் நிறுவனம் சென்ற்ஓஎஸ் லினக்ஸின் 8 ஆம் பதிப்பிற்குரிய ஆதரவை, 2029 இற்குப் பதிலாக 2021 இன் இறுதியோடு முடிப்பதாக அறிவித்தது. அதனை நம்பிச் சேவையகங்களை அமைத்தோர் ஓராண்டிற்குள் வழிதேட நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் தாராளத்தை உரிமையாக எண்ணி வாழ்வதன் ஆபத்தை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

7

ஆகவே, ஸ்நாப் விவாதத்தை வேகம், கொள்ளளவு, அழகு என்பவற்றோடு நிறுத்துவது அதன் மையத்தைத் தவறவிடுவதாகும். உலாவி திறக்கும் நேரம் நாளை இன்னும் குறையலாம், கோப்புறை இடம்மாறலாம். அவை யாவும் சீர்செய்யப்பட்ட பின்னரும் ஒரு வினா எஞ்சிநிற்கும். பயனாளர் ஒன்றைக் கேட்க மற்றொன்றைத் தரும் அதிகாரத்தை வழங்குநருக்கு அளித்தவர் யார்?

உரிமம் மூலநிரலைக் காக்கின்றது. மூலநிரல் மக்களை வந்தடையும் வழியை அது காப்பதில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கம் தன் முதற் பதிற்றாண்டுகளில் உரிமத்தின்மீது முழுக்கவனத்தையும் செலுத்தியமைக்கு அக்காலச் சூழல் காரணமாயிருந்தது. இன்று கட்டுப்பாடு கடையிலும் சேவையகத்திலும் இயல்பிருப்பிலும் குடிபுகுந்துள்ளமையால், விழிப்பும் அவ்விடங்களுக்கு நகரவேண்டியுள்ளது. டெபியனின் சமூக ஒப்பந்தமும் வாக்கெடுப்பும் குறைபாடற்றவை அல்ல. ஆரம்பிப்பு முறைமை பற்றி 2014 இல் எழுந்த பிணக்கு, டெவுவான் என்னும் தனி விநியோகம் பிரிந்துசெல்லும் அளவிற்கு முற்றியது. ஆயினும் அங்கு தோற்றவர்க்கும் வாக்கு ஒன்று இருந்தது. தோல்விக்கான காரணம் எழுத்தில் இருந்தது. குரலுக்கு இடமளிக்கும் அமைப்பு என்பதன் பொருள் அதுவே.

விநியோகம் மாறுதல் பயனுள்ள எதிர்ப்பாக அமையவேண்டுமாயின், அது சென்று சேரும் இடத்தைப் பேணும் உழைப்போடு இணைதல் வேண்டும். பொதியொன்றைச் சோதித்தல், வழுவொன்றை ஒழுங்காகப் பதிதல், மொழியாக்கஞ் செய்தல், இயன்றபோது பொருளுதவி புரிதல் ஆகிய சிறு பணிகளே ஒரு களஞ்சியத்தை வாழவைக்கின்றன. அவற்றை மேற்கொள்ளாது ஓரிடத்து வெறுப்பைச் சுமந்து மற்றோரிடத்திற்குப் பெயர்பவர், அடுத்த ஏமாற்றத்தை எதிர்நோக்கிப் பெயர்பவரே. பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனிப்பொறுப்புண்டு. கணினியியல் பயிலும் மாணவர் மென்பொருளை எழுதக் கற்பதோடு, அது எவர் கையாற் பொதியப்பட்டு எவர் கைக்குச் சேர்கின்றது என்பதையும் கற்றல் வேண்டும். பொதியை அவிழ்த்துப் பார்க்கத் தெரிந்தவர் எண்ணிக்கை பெருகும் அளவிற்கே, அதனைக் கட்டுபவரின் அதிகாரமும் மக்களின் கண்காணிப்பிற்கு உட்படும்.